காசு வாங்கினா தீட்டா, கறுப்பா இருந்தா தீட்டா? ஒரு சின்ன காலேஜ் பேஸ்பால் டீமோட கதை

சரி, அடுத்த கேள்வி. கொஞ்சம் நீளமா எழுதியிருக்காரு, படிச்சிடறேன். "போன வீடியோவுல ஜாக்கி ராபின்சன் பத்திப் பேசும்போது, அவரை டீமுக்கு எடுத்த பிராஞ்ச் ரிக்கி, தன்னோட காலேஜ் நாள்லயே ஒரு கறுப்பின மாணவரை வச்சு ஆடினாருன்னு ஒரே வரியில சொல்லிட்டுப் போயிட்டீங்க. 1947 வரைக்கும் கறுப்பர்களை உள்ள விடலைன்னா, 1903ல ஒரு சின்ன காலேஜ்ல மட்டும் எப்படி விட்டாங்க? ரிக்கி அங்க படிச்சிக்கிட்டிருந்த பையன்தானே, அவர் எப்படி கோச் ஆனாரு? அந்த மாணவர் அப்புறம் என்ன ஆனாரு?"

புதுசா பார்க்கறவங்களுக்கு ஒரு வரி: ஜாக்கி ராபின்சன்தான் 1947ல மேஜர் லீக்ல, அதாவது அமெரிக்காவோட பெரிய பேஸ்பால் லீக்ல, இனத் தடையை உடைச்ச கறுப்பின ஆட்டக்காரர். சரி, மூணு கேள்வி இருக்கு. நான் நடுவுல இருக்கறதை முதல்ல எடுத்துக்கறேன். ஏன்னா ரிக்கி எப்படி கோச் ஆனாருன்னு புரிஞ்சா, மத்த ரெண்டுக்கும் பாதி பதில் அதுக்குள்ளயே இருக்கு.

அந்தக் காலேஜ் பேரு ஒஹையோ வெஸ்லியன். அமெரிக்காவுல ஒஹையோ மாநிலம், தலைநகர் கொலம்பஸ், அதுக்கு வடக்கே டெலவேர்னு ஒரு சின்ன ஊரு. டெலவேர்னு தனியா ஒரு மாநிலமே இருக்கு, அது வேற, குழப்பிக்காதீங்க. 1842ல மெதடிஸ்ட் சபைக்காரங்க ஆரம்பிச்ச காலேஜ் இது. ரிக்கியும் மெதடிஸ்ட் குடும்பம்தான். அப்பா விவசாயி, தெற்கு ஒஹையோவுல ஒரு கிராமம். பையன் கொஞ்ச நாள் கிராமத்துப் பள்ளிக்கூடத்துல வாத்தியாரா வேலை பார்த்துட்டு, அதுக்கப்புறம்தான் காலேஜுக்கு வர்றாரு. கையில காசு கிடையாது. பேஸ்பால், அமெரிக்க ஃபுட்பால் ரெண்டும் நல்லா வரும். பேஸ்பால்ல அவர் கேட்சர். பந்து அடிக்கிறவருக்குப் பின்னாடி குந்தி உக்காந்து பந்து பிடிக்கிறவரு. நம்ம கிரிக்கெட் விக்கெட் கீப்பர் இடம்னு வச்சுக்குங்க.

இப்ப அந்தக் காலத்து வழக்கம் ஒண்ணு சொல்லணும். காலேஜ் விளையாட்டுன்னா காசுக்கு ஆடக்கூடாது. வெளிய எங்கயாவது காசு வாங்கி ஒரு ஆட்டம் ஆடினாலும் காலேஜ் டீம்ல இடம் போச்சு. ஆனா கோடை லீவுல ஊருக்கு ஊர் டீம் இருக்கும். ஃபேக்டரி டீம், ஊர் டீம், கடற்கரை ஹோட்டல் டீம். நல்லா ஆடுற காலேஜ் பசங்களைத் தேடி ஆள் அனுப்புவாங்க. ஹோட்டல்ல என்ன பண்ணுவாங்கன்னா, பையனை சர்வர், கிளார்க்னு கணக்குல எழுதிக்குவாங்க. காலைல ரெண்டு தட்டு எடுத்து வச்சா வேலை முடிஞ்சுது, மத்தியானம் மைதானம். சம்பளம் தட்டு தூக்கினதுக்கா பந்து போட்டதுக்கான்னு யாரும் கேக்க மாட்டாங்க. இன்னும் சில பேரு பேரையே மாத்திக்கிட்டு ஆடுவாங்க. இதுக்கு அங்க "சம்மர் பால்"னே பேரு. வருஷா வருஷம் இது பெரிய சண்டை.

எவ்வளவு பெரிய ஆளெல்லாம் இதுல இருந்தாங்கன்னு பாருங்க. எட்டி காலின்ஸ், பிற்காலத்துல 3,300 ஹிட்டுக்கு மேல அடிச்சு பேஸ்பால் வரலாற்றுல நிக்கிறவரு. 1906ல கொலம்பியா யுனிவர்சிட்டியில படிக்கும்போதே ஃபிலடெல்ஃபியா அத்லெடிக்ஸ் டீம்ல "சல்லிவன்"ங்கற பேர்ல இறங்கி ஆடினாரு. ஆனா அவர் மாட்டினது அதுல இல்லை, காசுக்கு சம்மர் பால் ஆடினதுல. கடைசி வருஷம் காலேஜ் டீம்ல ஆட முடியாம போச்சு. காலேஜ் என்ன பண்ணுச்சு தெரியுமா? அதே டீமுக்கு அவரையே கோச்சா வச்சுக்கிச்சு! ஆடத் தகுதி கிடையாது, சொல்லிக்கொடுக்கத் தகுதி உண்டு. ஜிம் தார்ப் கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். 1912 ஒலிம்பிக்ஸ்ல ரெண்டு தங்கம். 1909, 1910 ரெண்டு கோடையிலயும் வட கரோலைனாவுல கொஞ்சம் காசுக்கு பேஸ்பால் ஆடினாருன்னு 1913ல மெடலைப் பிடுங்கிட்டாங்க. மத்தவங்க கள்ளப் பேர்ல ஆடினாங்க. இவரு சொந்தப் பேர்லயே ஆடினாரு, அதனால மாட்டினாரு.

ரிக்கியும் இதே குட்டையில விழுந்தவருதான். ஒரு கோடையில போர்ட்ஸ்மவுத்ங்கற ஊர் டீமுக்குக் காசு வாங்கி ஆடியிருக்காரு. புகார் காலேஜ் தலைவர் வரைக்கும் போகுது. ஜேம்ஸ் பாஷ்ஃபோர்டுன்னு தலைவர், பாதிரியார் அவரு. ரிக்கியைக் கூப்பிட்டு விசாரிக்கிறாரு. இங்கதான் வேடிக்கை. போர்ட்ஸ்மவுத் டீம்காரரு பையனைக் காப்பாத்தணும்னு, "நாங்க இவருக்கு ஒரு பைசா கொடுக்கலை"ன்னு கடிதமே எழுதிக் கொடுத்திருக்காரு. கடிதம் மேஜை மேல இருக்கு. ரிக்கி வாயை மூடிக்கிட்டு நின்னிருந்தா போதும். ஆனா அவரு, "இல்லீங்க ஐயா, வாங்கினேன்"னு சொல்லிடறாரு. அதோட அந்தக் காலேஜ்ல அவரோட ஆட்டம் முடிஞ்சுது.

ஆனா அந்த உண்மை பாஷ்ஃபோர்டு மனசுல நின்னுடுச்சு. 1903 வசந்த சீசனுக்கு பேஸ்பால் கோச் தேவைப்பட்டப்போ, 21 வயசுப் பையனைக் கூப்பிட்டு நீயே நடத்துன்னு கொடுத்துட்டாரு. கூடப் படிக்கிறவங்களுக்கே கோச். இது உங்க ரெண்டாவது கேள்விக்குப் பதில்.

இப்ப ரிக்கி வெளிய போனதால கேட்சர் இடம் காலி. அந்த இடத்துக்கு வந்தவருதான் சார்லஸ் தாமஸ். டீம்ல "டாமி"ன்னு கூப்பிடுவாங்க. அந்த டீம்ல இருந்த ஒரே கறுப்பர். அந்தக் காலத்து கேட்சர் வேலை என்னன்னு கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க. முகத்துக்கு ஒரு கம்பி முகமூடி, நெஞ்சுக்கு ஒரு மெத்தை, கையில தடிச்ச தோல் கிளவுஸ். காலுக்கு ஒண்ணும் கிடையாது. பெரிய லீக்லயே 1907ல ரோஜர் பிரெஸ்னஹன்னு ஒரு கேட்சர் பகிரங்கமா ஷின் கார்டு, அதாவது கால் கவசம் கட்டிட்டு வந்தப்போ கூட்டம் கேலி பண்ணுச்சு. அப்போ 1903ல காலேஜ் கேட்சருக்கு என்ன இருந்திருக்கும்? பேட்டுல உரசி கீழ திரும்பற பந்து, ஓடி வந்து சறுக்குறவனோட ஸ்பைக்ஸ், எல்லாம் வெறும் முழங்கால்லயும் பாதத்துலயும்தான். விரல் ஒடியறது சர்வசாதாரணம். மைதானத்துல ரொம்ப அடிபடுற இடம் அது. அங்க நின்னவரு தாமஸ்.

சரி, எப்படி விட்டாங்க? முதல் கேள்விக்கு வர்றேன். பெரிய லீக்ல கறுப்பர் ஆடக்கூடாதுன்னு எழுதி வச்ச சட்டம் எதுவும் கிடையாது. முதலாளிங்களுக்குள்ள ஒரு வாய்ப்பேச்சு உடன்பாடு, அவ்வளவுதான். அதுக்கு முன்னாடி ஆடியிருக்காங்க. மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர்னு ஒருத்தரு, அவரும் ஒஹையோ, அவரும் கேட்சர், அவரும் ஒரு சின்ன காலேஜ்ல இருந்து வந்தவரு. ஓபர்லின் காலேஜ். 1884ல டொலீடோ டீம் மேஜர் லீக்ல இருந்தப்போ அதுல ஆடினாரு. 1887ல இன்டர்நேஷனல் லீக்னு ஒரு லீக், இனிமே கறுப்பர்களோட புதுசா ஒப்பந்தம் போடறதில்லைன்னு ஓட்டுப் போட்டு முடிவு பண்ணுச்சு. படிப்படியா கதவு அடைஞ்சுது. நாம பேசற 1903 காலத்துல இந்தக் கதவு இறுக்கமா அடைஞ்சு கிடக்கு.

ஆனா காலேஜ் அந்த முதலாளிங்க கையில இல்லை. நாடு முழுக்க காலேஜ் விளையாட்டுக்கு ஒரு பொதுச் சங்கம் வந்ததே 1906லதான். அது வரைக்கும் யாரை ஆட விடறதுங்கறது பெரும்பாலும் அந்தந்த காலேஜ் இஷ்டம். ஒஹையோவுல இருந்த சர்ச் காலேஜ்கள்ல சிலது அடிமை முறை ஒழிப்பு இயக்கத்தோட சம்பந்தப்பட்டவங்க ஆரம்பிச்சது. ஓபர்லின் 1835லயே கறுப்பின மாணவர்களைச் சேர்க்க ஆரம்பிச்சிடுச்சு. கிளாஸ்ல உக்கார வச்சவனை மைதானத்துல நிக்காதேன்னு சொல்றது கொஞ்சம் கஷ்டம் இல்லையா? அதுக்காக அங்க எல்லாம் சமத்துவம் பூத்துக் குலுங்குச்சுன்னு நினைக்காதீங்க. ஒண்ணு ரெண்டு பேருதான். தாமஸ் தனியாத்தான் இருந்தாரு.

எனக்கு இதுல ரொம்ப உறைக்கிற விஷயம் என்னன்னா, ரெண்டு பக்கமும் தீட்டு இருந்துச்சு, ஆனா வேற வேற தீட்டு. காலேஜுக்குக் காசு தீட்டு. ஒரு டாலர் வாங்கினாலும் ரிக்கி மாதிரி வெளிய. தாமஸ் உள்ள இருக்கலாம். பெரிய லீக்குக்குத் தோல் தீட்டு. காசு வாங்கின ரிக்கி அங்க போகலாம், போனாரு. தாமஸ் போக முடியாது. ஒரே டீம்ல, ஒருத்தர் விட்ட இடத்துல இன்னொருத்தர் நின்ன ரெண்டு கேட்சர். ஒருத்தருக்கு இந்தக் கதவு மூடுச்சு, இன்னொருத்தருக்கு அந்தக் கதவு.

இனி அந்தப் பிரபலமான ஹோட்டல் சம்பவம். நிறைய பேர் கமெண்ட்ல கேட்டிருக்கீங்க. டீம் ரயில்ல இண்டியானா மாநிலம் சவுத் பெண்ட் ஊருக்குப் போகுது, நோட்டர்டாம் காலேஜோட மேட்ச். ஆலிவர் ஹோட்டல்னு ஊர்லயே பெரிய ஹோட்டல். ஒவ்வொருத்தரா பதிவு பண்ணிக்கிட்டே வர்றாங்க. தாமஸ் முறை வந்ததும் கிளார்க், இவருக்கு ரூம் கிடையாதுன்னுட்டாரு. டீமை வச்சுக்கறோம், இவரை வச்சுக்க முடியாது. ரிக்கி வாதாடறாரு. கடைசியில, "சரி, என் ரூம்லயே ஒரு கட்டில் போடுங்க, அவர் என்னோட தங்கட்டும்"னு ஒரு சமரசம். தனி ரூம் கொடுத்தாத்தான் கௌரவம் போகும், கோச் ரூம்ல ஒரு கட்டில் போட்டா போகாது! அந்த ஹோட்டல்காரங்க கணக்கு அப்படி.

ரூமுக்குள்ள போனதும் தாமஸ் உக்காந்து அழுதாரு, கையை மாத்தி மாத்தித் தேச்சு, இந்தத் தோலை மட்டும் உரிச்சு எடுக்க முடிஞ்சா நானும் மத்தவங்க மாதிரி ஆயிடுவேனேன்னு சொன்னாருன்னு ரிக்கி பிற்காலத்துல மேடை மேடையா சொல்லுவாரு. ரிக்கி பெரிய பேச்சாளர், பிரசங்கி மாதிரி பேசுவாரு. சொல்லச் சொல்லக் கதைக்குக் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம்னு வரலாற்று ஆசிரியர்கள் சந்தேகப்படுறாங்க, அந்தச் சந்தேகம் எனக்கும் உண்டு. ஆனா ஹோட்டல்ல இடம் மறுத்தது அந்தக் காலத்துல தினசரி நடப்பு, அதுல அதிசயமே இல்லை. தாமஸும் பிற்காலத்துல ரிக்கி தன்கிட்ட அக்கறையா நடந்துக்கிட்டதை நல்ல விதமாத்தான் சொல்லியிருக்காரு. என்னோட மனத்தாங்கல் வேற. இந்தக் கதையை எங்க சொன்னாலும் ரிக்கியோட கருணைதான் முன்னாடி நிக்குது. தாமஸ் அழற ஆளா மட்டும் வந்துட்டுப் போயிடறாரு. அவர் எப்படி ஆடினாருன்னு யாரும் கேக்கறதில்லை.

கென்டக்கியில ஒரு ஆட்டம். அது தெற்கு ஓரம், நிலைமை இன்னும் மோசம். அவனை வெளிய அனுப்புன்னு எதிர் டீம்ல இருந்து கத்துறாங்க. ரிக்கி முடியாதுங்கறாரு, தாமஸ் இல்லாம நாங்க ஆடறதில்லைன்னு நிக்கிறாரு. ரொம்ப நேரம் இழுபறி. அப்புறம் ஆட்டம் நடந்துச்சு. அந்த இழுபறி முழுக்க அந்த மைதானத்துல, தன்னைத் திட்டுற கூட்டத்துக்கு நடுவுல நின்னுட்டு, அப்புறம் முகமூடியை மாட்டிக்கிட்டுக் குந்தி உக்காந்து பந்து பிடிக்கிறது இருக்கே, அது சாதாரண நெஞ்சுரம் இல்லை.

இவர் ஒருத்தர்தான்னு நினைக்காதீங்க. அதே ஒஹையோவுல வூஸ்டர் காலேஜ்ல சார்லஸ் ஃபாலிஸ்னு இன்னொரு கறுப்பர், பேஸ்பால் ஆடினாரு. அவரும் கேட்சர், என்ன பொருத்தமோ! ஃபுட்பால்ல அவர் பெரிய ஆளு. 1904ல ஷெல்பி டீமோட ஒப்பந்தம் போட்டு, அமெரிக்க ஃபுட்பால்ல முதல் கறுப்பின ப்ரொஃபஷனல் ஆட்டக்காரர்னு பேரு வாங்கினாரு. ரிக்கியும் அதே ஷெல்பி டீம்ல அவரோட சேர்ந்து ஆடியிருக்காரு. ஆக, ரிக்கிக்கு இந்த விஷயத்துல பழக்கமான முகம் தாமஸ் ஒண்ணு மட்டும் இல்லை. ஃபாலிஸ் அப்புறம் கறுப்பர்களோட பேஸ்பால் டீமான கியூபன் ஜயன்ட்ஸ்க்குப் போய் ஆடினாரு. 1910ல 31 வயசுலயே இறந்துட்டாரு.

பெரிய காலேஜ்லயும் ஒருத்தர் இருந்தாரு, வில்லியம் கிளாரன்ஸ் மேத்யூஸ். அலபாமா மாநிலம் செல்மாவுல பிறந்து, ஹார்வர்டுல 1902 முதல் 1905 வரைக்கும் ஷார்ட்ஸ்டாப், அதாவது ரெண்டாவது, மூணாவது பேஸுக்கு நடுவுல நிக்கிற ஃபீல்டர். ஜார்ஜ்டவுன் டீம்ல ஏப்பீரியஸ்னு ஒரு கேட்சர், அவரும் அதே செல்மா ஊர்க்காரரு. மேத்யூஸ் எதிர்ல ஆடறாருன்னா நான் ஆட மாட்டேன்னு உக்காந்துட்டாரு. அப்புறம் 1905 கோடையில மேத்யூஸ் வெர்மான்ட்ல ஒரு லீக்ல ஆடப் போறாரு. அங்கயும் எதிர் டீம்ல அதே ஏப்பீரியஸ், அங்கயும் அதே பிடிவாதம்! ஊர்ச் சண்டை எவ்வளவு தூரம் கூட வருது பாருங்க. அந்த வருஷம் பாஸ்டன் மேஜர் லீக் டீம் மேத்யூஸை எடுக்கப் போகுதுன்னு பத்திரிகைல பேச்சு வந்துச்சு. நடக்கலை. அவர் வக்கீலாகி அரசாங்கத்துல பெரிய பதவிக்குப் போனாரு.

இப்ப ரிக்கி பக்கம் ஒரு சின்ன சிரிப்பு. 1904ல சின்சினாட்டி ரெட்ஸ் டீம் அவரைக் கூப்பிட்டுச்சு. அம்மாவுக்கு சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன், ஞாயித்துக்கிழமை மைதானத்துப் பக்கம் வர மாட்டேன்னாரு. அப்போ நீ வீட்டுக்குப் போன்னு அனுப்பிட்டாங்க. அப்புறம் நியூயார்க் ஹைலேண்டர்ஸ் டீம், அதாவது இன்னைக்கு யாங்கீஸ். 1907 ஜூன்ல ஒரே மேட்ச்ல இவர் கேட்சரா நின்னு 13 பேஸைத் திருட விட்டாரு, அதாவது பந்து அடிக்காமலேயே எதிர் டீம்காரங்க அடுத்த பேஸுக்கு ஓடினப்போ தடுக்க முடியலை. தோள்பட்டை வலி அவருக்கு, பந்தை எறிய முடியலை. எதிர் டீமுக்குக் கொண்டாட்டம். ஆட்டக்காரரா அவர் கதை அவ்வளவுதான். ஆளைக் கண்டுபிடிக்கிறதுல, டீம் கட்டறதுலதான் பெரிய ஆளானாரு.

அதனாலதான் "அன்னைக்கு ஹோட்டல்ல பார்த்த கண்ணீருக்கு 1947ல பரிகாரம் பண்ணினாரு"ங்கற கதையை நான் முழுசா வாங்கிக்கறதில்லை. நடுவுல 40 வருஷம் இருக்கு. அதுல 20 வருஷத்துக்கு மேல செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் டீமை நடத்தினாரு. அவங்க ஆடின ஸ்போர்ட்ஸ்மன்ஸ் பார்க்ல கறுப்பர்களுக்குத் தனி கேலரிதான், 1944 வரைக்கும். மைதானம் வேற டீமோட சொத்துதான், ஒத்துக்கறேன். அப்பவும் அவர் பெருசா குரல் கொடுத்த மாதிரி இல்லை. புரூக்ளின் டாட்ஜர்ஸ் டீமுக்கு வந்தப்புறம் காலம் கனிஞ்சுது. கதவுக்கு முன்னாடி நின்ன லாண்டிஸ், அதாவது மேஜர் லீக் பேஸ்பாலோட தலைமை கமிஷனர், 1944 கடைசியில இறந்துட்டாரு. 1945ல நியூயார்க் மாநிலம் வேலைக்கு எடுக்கறதுல இனப் பாகுபாடு கூடாதுன்னு சட்டம் போட்டுச்சு. கறுப்பர்களோட லீக்கள்ல அற்புதமான ஆட்டக்காரங்க, வேற எந்த முதலாளியும் தொடலை. ரிக்கி வியாபாரியும்தான். மனசாட்சியும் லாபக் கணக்கும் ஒரே பக்கம் சாஞ்ச நேரம் அது. 1945 ஆகஸ்ட் 28ல ராபின்சனைக் கூப்பிட்டுப் பேசினாரு, 1947 ஏப்ரல் 15ல ராபின்சன் களம் இறங்கினாரு. தாமஸ் ஞாபகம் அவர் மனசுல இருந்திருக்கும், அதை நான் மறுக்கலை. அது மட்டுமே காரணம்னு சொன்னா ராபின்சன் பட்ட பாடும், பல வருஷம் இதுக்காகப் போராடின கறுப்பினப் பத்திரிகையாளர்களோட உழைப்பும் மறைஞ்சு போயிடும்.

கடைசியா, தாமஸ் என்ன ஆனாருன்னு கேட்டீங்க. ஹாவர்டு யுனிவர்சிட்டியில பல் மருத்துவம் படிச்சாரு. வாஷிங்டன்ல இருக்கற கறுப்பர்களுக்கான யுனிவர்சிட்டி அது, ஹார்வர்டு வேற, இது வேற. அப்புறம் நியூ மெக்சிகோ மாநிலம் ஆல்புகர்க்கி நகரத்துல பல் டாக்டரா ரொம்ப வருஷம் தொழில் பண்ணினாரு. ரிக்கியோட நட்பு விட்டுப் போகலை. ராபின்சன் வந்தப்புறம் பத்திரிகைக்காரங்க டாக்டர் தாமஸைத் தேடிப் போயி கேட்டாங்க. கேட்டது எல்லாம் அந்த ஹோட்டல் ராத்திரியைப் பத்தித்தான்.

சரி, அடுத்த கேள்வி ஒருத்தர் ஷின் கார்டு பத்தியே கேட்டிருக்காரு, அதுக்கு வர்றேன்.